ராசிங்காபுரத்து ஆண்கள் உட்கார்ந்து பேச ஓர் ஏற்பாடு வேண்டும்

தேனி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,



திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் தங்கள் மேசைக்கு வரும் மனுக்களில் பட்டா மாறுதல் இருக்கும், முதியோர் உதவித்தொகை இருக்கும், குடிநீர், மயானப் பாதை, வங்கிக் கடன் எல்லாம் இருக்கும். "வீட்டில் வாய்விட்டுப் பேச எனக்குத் தெரியவில்லை, கோபம் வந்தால் கை நீண்டுவிடுகிறது, ராத்திரி தூக்கம் பிடிப்பதில்லை, இதற்கு யாரிடம் போவது?" என்று எந்த ஆணும் மனு எழுதிக்கொண்டு வரமாட்டார். அவர் எழுதமாட்டார் என்பதால் நாங்கள் எழுதுகிறோம். போடிநாயக்கனூர் ஒன்றியத்தில், ராசிங்காபுரத்தில் தொடங்கி, ஆண்கள் தங்கள் மனதையும் கோபத்தையும் குடும்பத்தையும் பற்றிக் கூடிப் பேசிப் பழகும் தொடர் பட்டறை ஒன்றை மாவட்ட நிர்வாகம் நடத்த வேண்டும். கோரிக்கை இவ்வளவுதான். அதை எப்படி நடத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மடல் நீள்வது அதற்காக.

முதலில், ஏன் இந்த ஊர்ப்பக்கம் என்று சொல்லிவிடுகிறோம். மலையை நம்பிப் பிழைக்கும் வட்டாரம் இது. விடியுமுன் ஜீப்புகள் கிளம்பி, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களைக் கொண்டுபோய் இறக்குகின்றன. காய் எடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மருந்தடிப்பது, கவாத்து, சுமை தூக்குவது, ஸ்டோரில் காய் உலர்த்துவது, ஜீப் ஓட்டுவது ஆண்களின் வேலை. கொஞ்சம் நிலமோ குத்தகைத் தோட்டமோ வைத்திருப்பவர்களின் வாழ்க்கையைப் போடியிலும் புற்றடியிலும் நடக்கும் ஏலக்காய் ஏலம் தீர்மானிக்கிறது. 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ ஏலக்காய் 7,000 ரூபாயைத் தொட்டது. மூன்றே ஆண்டில் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. உச்ச விலையை நம்பிக் கடன் வாங்கியவர், குத்தகையைக் கூட்டிப் பேசியவர், மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்தவர் எல்லோரும் அந்தச் சரிவில் இருந்தார்கள். பிறகு 2024 கோடையில் வெயில் வந்து மலையிலேயே ஏலச்செடிகளைக் காய வைத்தது.

இப்படி விலை விழும்போது வீட்டுக்குள் ஒரு மாற்றம் நடக்கிறது. தோட்டக்காரருக்கு நட்டம் என்றாலும் காயை எடுத்தாக வேண்டும். ஆகவே மனைவியின் தினக்கூலி நிற்பதில்லை. கணவரின் கணக்குதான் உடைகிறது. "நான்தான் குடும்பத்தைக் காப்பாற்றுகிறேன்" என்ற ஒன்றை மட்டும் சொல்லி வளர்க்கப்பட்டவருக்கு, அது இல்லாமல் போன நாளில் தன்னை என்னவென்று நினைத்துக்கொள்வது என்று தெரிவதில்லை. வெட்கமும் பயமும் உள்ளே இருக்கின்றன. வெளியே வரும்போது அவை எரிச்சலாக, அதட்டலாக, குடியாக, அடியாக வருகின்றன. சிலருக்கு அப்படியும் வெளியே வருவதில்லை. ஏலத்தோட்டம் உள்ள ஊர்களில் பூச்சிமருந்து டப்பா கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது.

எண்கள் வேண்டுமென்றால் அவையும் இருக்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022ல் நாட்டில் 1,70,924 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அவர்களில் 1,22,724 பேர் ஆண்கள். பத்துப் பேரில் ஏழு பேர். மொத்தத்தில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலித் தொழிலாளர். காரணங்களில் முதலிடம் "குடும்பப் பிரச்சினை". 19,834 உயிர்களோடு தமிழ்நாடு மாநில வரிசையில் இரண்டாவது. இன்னொரு கணக்கையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2019–21ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுள்ள, திருமணமான பெண்களில் 100க்கு 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். தன்னை அழித்துக்கொள்ளும் ஆணையும் மனைவியை அடிக்கும் ஆணையும் அரசு இரண்டு துறைகளில், இரண்டு கோப்புகளில் வைத்திருக்கிறது. ஒன்று சுகாதாரம், மற்றது சமூக நலம். ஊரில் பார்த்தால் இருவரும் பல நேரம் ஒரே தெருவில், சில நேரம் ஒரே வீட்டில் இருக்கிறார்கள்.

இதற்கு வேர் எங்கே என்று தேடினால் நம் கேத வீடுகளைப் பார்க்கலாம். பெண்கள் உள்ளே கட்டிப்பிடித்து, ஒப்பாரி வைத்து, போனவரின் பெருமையையும் தங்கள் பாரத்தையும் சேர்த்தே சொல்லி அழுகிறார்கள். ஆண்கள் வெளியே பந்தலில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் செய்வதற்கு நிறைய இருக்கிறது: ஆள் சொல்லி அனுப்ப வேண்டும், நீர்மாலை எடுக்க வேண்டும், தேர் கட்ட வேண்டும், கொள்ளி வைக்க வேண்டும், மொட்டை போட வேண்டும். துக்கத்துக்கு வேலை கொடுத்திருக்கிறோம், சொல் கொடுக்கவில்லை. அழுகிற ஆணை நம்பாதே என்று பழமொழியே வைத்திருக்கிறோம். முழங்கால் சிராய்த்து அழும் ஐந்து வயதுப் பையனிடம் "பொட்டப்புள்ள மாதிரி அழுவாத" என்று சொல்லும்போது, அவனுக்கு இரண்டு பாடங்களை ஒரே வாக்கியத்தில் நடத்திவிடுகிறோம்: வலியை மறை, பெண்ணை மட்டமாக நினை. இருபது வருடம் கழித்து அவன் இரண்டிலும் தேறியிருக்கிறான் என்று அதிர்ச்சி அடைவதில் அர்த்தமில்லை.

பெண்களுக்கு இதே அரசு ஒரு வழி செய்து கொடுத்ததை நினைவுபடுத்துகிறோம். 1989ல் தர்மபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் மாநிலம் முழுக்கப் பரவின. சேமிப்பும் கடனும்தான் அவற்றின் நோக்கம். ஆனால் வாரம் ஒருமுறை வட்டமாக உட்கார்ந்தபோது, பணம் கட்டிய கையோடு மாமியார், மகன், குடிக்கும் கணவன், கர்ப்பப்பை வலி எல்லாம் பேச்சில் வந்தன. யாரும் அதைப் பட்டறை என்று அழைக்கவில்லை. ஆனாலும் அது பட்டறையாகத்தான் இருந்தது. கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் நம் பெண்களுக்குக் கிடைத்த தைரியத்தில் அந்த வட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆண்களுக்கு அப்படி ஒரு வட்டம் கிடைக்கவில்லை. டீக்கடை இருக்கிறதே என்று கேட்கலாம். டீக்கடையில் அரசியல் பேசலாம், ஏல விலை பேசலாம், யாரையாவது கேலி செய்யலாம். "எனக்குப் பயமாக இருக்கிறது" என்று அங்கே சொல்ல முடியாது. அதைச் சொல்ல முடிகிற ஒரே இடமாக நம் ஆட்களுக்கு வாய்த்திருப்பது டாஸ்மாக் பார். குடித்தால்தான் அழலாம் என்பது ஊர் கொடுத்திருக்கும் சலுகை. காலையில் அதற்கும் கணக்கு இல்லை.

அரசிடம் திட்டமே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. க.விலக்கில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. 2022 அக்டோபரிலிருந்து 14416 என்ற கட்டணமில்லா மனநல ஆலோசனை எண் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். அதே ஆண்டு கல்லூரிகளில் "மனம்" திட்டத்தில் மனநல நல்லாதரவு மன்றங்கள் அறிவிக்கப்பட்டன. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக நடத்தக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 115ஆவது பிரிவில் சொல்கிறது. இவையெல்லாம் நல்லவை. ஆனால் இவற்றை வந்தடைய ஒருவர், தனக்கு ஒரு பிரச்சினை இருக்கிறது என்று முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்று ஜீப்பில் ஏறியவர் கல்லூரி மன்றத்துக்கு வரப்போவதில்லை. "பைத்தியக்கார ஆஸ்பத்திரி" என்ற பேச்சுக்குப் பயந்தவர் மனநலப் பிரிவுக்குச் சீட்டு வாங்கப்போவதில்லை. மருத்துவரிடம் போவதற்கு முன்னால் ஒரு படி குறைகிறது. அந்தப் படியைத்தான் கேட்கிறோம்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. பட்டறை என்றதும் நம் அலுவலகங்களுக்குத் தெரிந்த ஒரு வடிவம் உண்டு. திருமண மண்டபம், பிளெக்ஸ், குத்துவிளக்கு, சால்வை, வரவேற்புரை, வெளியூரிலிருந்து ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர், தக்காளி சாதம், கையெழுத்து, புகைப்படம், அறிக்கை. இதைத் தயவுசெய்து செய்ய வேண்டாம். தன்னம்பிக்கைப் பேச்சாளர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் "நீ ஜெயிக்கப் பிறந்தவன்" என்பதுதான் அவர் சொல்லப்போகும் சேதி. ஜெயித்தே ஆக வேண்டும் என்ற பாரத்தில் நசுங்கிக் கிடப்பவர் தலையில் அதே பாரத்தை இன்னொரு முறை ஏற்றி வைப்பதில் பயனில்லை. நவம்பர் 19, சர்வதேச ஆண்கள் தினம் என்று ஒரு விழா எடுத்து முடித்துவிடவும் வேண்டாம்.

வேறு ஊர்களில் எது பலித்தது என்று பார்க்கலாம். ருவாண்டாவில் "பாண்டெபெரேஹோ" என்ற திட்டத்தில் இளம் தகப்பன்மாரைச் சிறு குழுக்களாக 15 முறை கூட்டினார்கள். அவற்றில் பாதிக்கு மனைவிமாரும் வந்தார்கள். பிள்ளை வளர்ப்பு, வீட்டு வேலை, கோபம், குடி, பணம் பற்றி முடிவெடுப்பது எல்லாம் பேச்சுப் பொருள். நடத்தியவர்கள் அந்தந்த ஊர் ஆண்களே. ஏறத்தாழ இரண்டு ஆண்டு கழித்து மனைவிமாரிடம் தனியே கேட்டார்கள். கடந்த ஓராண்டில் கணவர் அடித்தார் என்று சொன்னவர்கள் திட்டத்துக்கு வெளியே 100க்கு 57 பேர். திட்டத்தில் இருந்த வீடுகளில் 33 பேர். அடி நின்றுவிடவில்லை, ஆனால் குறைந்தது. அதுவும் ஒரு நாள் முகாமில் குறையவில்லை.

நம் நாட்டிலும் உண்டு. மும்பையில் 1993லிருந்து "மாவா" என்ற ஆண்களின் அமைப்பு, பெண்கள்மீதான வன்முறைக்கு எதிராக ஆண்களிடமே பேசிவருகிறது. அது தேர்ந்து பழக்கும் இளைஞர்கள் தங்கள் வயதுப் பையன்களிடம் போய்ப் பேசுகிறார்கள். கோவாவில் சங்கத் அமைப்பு, அளவு மீறிக் குடிக்கும் ஆண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நான்கு தடவைக்குள் முடியும் ஆலோசனையை, மருத்துவர் அல்லாத சாதாரண ஆட்களைப் பழக்கி நடத்தியது. 2017ல் வெளியான அதன் ஆய்வில், ஆலோசனை பெற்றவர்களில் 100க்கு 36 பேர் மூன்று மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து விலகியிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 பேர். தமிழ்நாட்டில் சென்னை டி.டி.ரங்கநாதன் அறக்கட்டளை, திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் 1980களின் இறுதியிலிருந்து குடிநோய்க்கான முகாமை ஊருக்குள்ளேயே நடத்திக் காட்டியிருக்கிறது. நோயாளி நகரத்துக்கு வரட்டும் என்று காத்திராமல், சிகிச்சை கிராமத்துக்குப் போனது. ஆஸ்திரேலியாவின் "ஆண்கள் கொட்டகை"களில் வயதான ஆண்கள் தச்சுவேலை செய்யக் கூடுகிறார்கள். கை வேலையில் இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது என்பது அவர்கள் அனுபவம்.

இவற்றில் திரும்பத் திரும்ப வருவதைப் பாருங்கள். சிறிய கூட்டம். தொடர்ந்து நடப்பது. உள்ளூர் ஆள் நடத்துவது. பேச்சுக்கு என்று அழைக்காமல், ஏதோ ஒரு காரியத்தை முன்னிட்டு அழைப்பது. இவற்றை ராசிங்காபுரத்துக்கு ஏற்றபடி வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்து, பின்வருவனவற்றைத் தங்கள் பார்வைக்கு வைக்கிறோம்.

காலம். ஏலக்காய் எடுப்பு ஓய்ந்திருக்கும் பிப்ரவரி முதல் மே வரை, வாரம் ஒரு மாலை. பதினைந்து அமர்வுகள் இதற்குள் அடங்கும். ஜீப் திரும்பி, ஆட்கள் குளித்து, சாப்பிட்ட பிறகு ஏழரை மணிக்கு மேல் வைத்தால்தான் ஆள் வரும். பகல் பதினொரு மணிக்கு வைத்தால் வேலையில்லாதவர்களும் கட்சிக்காரர்களும் மட்டும் வருவார்கள்.

இடம். இதில் மிகக் கவனம் தேவை. ஆண்கள் ஏற்கெனவே உட்காரும் இடம் சாவடியும் மந்தையும்தானே என்று தோன்றும். ஆனால் சாவடி ஒரு சமூகத்துக்குச் சொந்தம். இன்னொரு சமூகத்தார் அதன் திண்ணையில் உட்காரமாட்டார்கள், உட்கார விடவும் மாட்டார்கள். 1989ல் போடியைச் சுற்றி நடந்த சாதிக் கலவரத்தை இங்குள்ள பெரியவர்கள் மறக்கவில்லை. ஆண்மை என்று நம் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்கப்படுவதில் பாதி, சாதிப் பெருமைதான். ஆகவே சாவடியில் நடக்கும் பட்டறை எதைக் கரைக்க வேண்டுமோ அதையே கெட்டிப்படுத்தும். அரசுப் பள்ளி வகுப்பறையோ ஊராட்சி நூலகமோ போதும். எல்லோரும் ஒரே பாயில் உட்கார வேண்டும் என்பது முதல் நாளிலேயே சொல்லப்பட வேண்டிய விதி. அதற்குச் சம்மதிக்காதவர் வராமல் இருக்கட்டும்.

அழைப்பு. "ஆண்களின் உணர்வு வளர்ச்சிப் பட்டறை" என்று நோட்டீஸ் ஒட்டினால் ஒருவரும் வரமாட்டார். வந்தவரை ஊர் கிண்டல் செய்யும். மருந்தடிப்பவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி என்று முதல் அமர்வை வைக்கலாம். கையுறையும் முகமூடியும் கொடுத்து, விஷம் உடம்பில் ஏறினால் என்ன ஆகும் என்று மருத்துவர் சொல்லட்டும். டப்பாவை வீட்டில் பூட்டி வைக்கவும் சொல்லட்டும். கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்ததாலேயே இலங்கை 1990களிலிருந்து தன் தற்கொலை விகிதத்தைப் பெருமளவு குறைத்தது. அடுத்த அமர்வு கடன் பற்றி. கந்துவட்டி, நகைக்கடன், கூட்டுறவு வங்கி என்று கணக்குப் பேசும்போதே தூக்கம் வராத இரவுகளும் பேச்சில் வந்துவிடும். குடி, கோபம், மகன் பேசாமல் போவது, மனைவியின் சம்பளம், மகளின் காதல் எல்லாம் அதன் பின்னே வரட்டும்.

ஆள். நடத்துகிறவர் உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும். குடியை விட்டு நிமிர்ந்த ஒருவர், எல்லோரும் மதிக்கும் ஜீப் ஓட்டுநர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். இவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டக் குழு முறையாகப் பயிற்சி கொடுத்து, மாதம் ஒருமுறை கூடவே உட்கார்ந்து திருத்த வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021லிருந்து வீடுவீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்க உள்ளூர்ப் பெண்களைப் பழக்கியது நமக்குத் தெரியும். அதே முறையில் நாலு ஆண்களையும் பழக்கலாம். பதவியில் இருப்பவர்களும் சாதிச் சங்கப் பொறுப்பாளர்களும் இதில் நடத்துநராக வேண்டாம். உள்ளே பேசியது வெளியே போகக் கூடாது. இந்த ஒன்று ஒருமுறை உடைந்தால் மறுவாரம் பாய் காலியாக இருக்கும்.

பையன்கள். ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவர்களுக்குத் தனியே வேண்டும். நாங்குநேரியில் 2023ல் சக மாணவனை அவன் வீட்டுக்கே போய் வெட்டியவர்கள் பள்ளிப் பையன்கள். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுப்பது பற்றி நீதிபதி சந்துரு குழு அதன் பிறகு அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் சாதி அடையாளக் கயிற்றைத் தடை செய்வது ஒரு வேலை. அந்தக் கயிறு இல்லாமலும் தான் ஓர் ஆள்தான் என்று பையனுக்குத் தோன்றச் செய்வது வேறு வேலை. இரண்டாவதற்கு ஒருவர் அவனோடு உட்கார வேண்டும்.

சில ஆட்சேபணைகள் வரும்; அவற்றுக்கும் இப்போதே பதில் சொல்லிவிடுகிறோம். அடிபடுகிறவள் பெண், ஆலோசனை ஆணுக்கா என்று பெண்கள் அமைப்புகள் கேட்கலாம். நியாயமான கேள்வி. அதனால் இதற்கான நிதியில் ஒரு ரூபாய்கூட ஒருங்கிணைந்த சேவை மையத்திலிருந்தோ 181 உதவி எண்ணிலிருந்தோ எடுக்கப்படக் கூடாது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நடவடிக்கைக்கு உரியவருக்கு, "பட்டறைக்குப் போகிறார்" என்பது விலக்காகவும் கூடாது. ஓர் ஆண் ஏன் அடிக்கிறான் என்று புரிந்துகொள்வது அவனை மன்னிப்பதற்காக அல்ல. அடுத்த அடி விழாமல் இருப்பதற்காக.

அரசுக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. 2003 நவம்பரிலிருந்து சில்லறை மதுவிற்பனை முழுவதும் அரசின் கையில். மாலையில் ஒரு துறை விற்க, மறுநாள் இன்னொரு துறை புத்தி சொன்னால் ஊர் சிரிக்கும். டாஸ்மாக்கை மூடுவது தங்கள் கையில் முழுதாக இல்லை என்பது தெரியும். குறைந்தபட்சம், பட்டறை நடக்கும் ஊர்களில் உள்ள கடைகளின் நேரத்தையும் இடத்தையும் பற்றிப் பெண்கள் சொல்வதைக் கேட்டு அரசுக்கு எழுதும் அதிகாரம் தங்களுக்கு இருக்கிறது.

ஆண்களே வேண்டாம் என்பார்களே என்றால், வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். முதல் வாரம் எட்டுப் பேர் வருவார்கள், மூன்றாம் வாரம் ஐந்தாகும். அதைத் தோல்வி என்று அறிக்கை எழுதி மூடிவிடாமல் இருக்க வேண்டும். சுய உதவிக் குழுக்களும் ஒரே வாரத்தில் முளைத்துவிடவில்லை.

இதற்குப் பெரிய செலவில்லை. பாய், டீ, மின்விளக்கு, நடத்துநர்களுக்குச் சிறு ஊக்கத்தொகை, மனநலக் குழுவின் வாகனம். வருகிற கிராம சபைக் கூட்டத்திலேயே ராசிங்காபுரம் ஊராட்சியில் ஒரு தீர்மானம் வைக்கச் சொல்லலாம். அந்தக் கூட்டத்தில் பெண்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யச் சொல்லலாம். சுகாதாரம், சமூக நலம், பள்ளிக் கல்வி மூன்றையும் ஒரு மேசைக்கு அழைக்க மாவட்டத்தில் தங்களால் மட்டுமே முடியும். இம்மடலைத் துறை அலுவலர் எவருக்கும் எழுதாமல் தங்களுக்கு எழுதியது அதனால்தான்.

கடைசியாக, பலனை அளப்பது பற்றி. எத்தனை அமர்வு, எத்தனை பேர், எவ்வளவு செலவு என்ற பட்டியலைக் கொண்டு இதை அளக்க வேண்டாம். பட்டறைக்கு வந்த ஆண்களிடம் "பயனாக இருந்ததா?" என்று கேட்கவும் வேண்டாம், இருந்தது என்றுதான் மரியாதைக்குச் சொல்வார்கள். ஓராண்டு கழித்து, வெளியூர்ப் பெண் பணியாளர் இருவரை அனுப்பி, அந்த வீட்டுப் பெண்களிடமும் பிள்ளைகளிடமும் தனித்தனியே கேட்கச் சொல்லுங்கள்: அடி குறைந்ததா, குடிக்குப் போகும் காசு குறைந்ததா, வீட்டில் பேச்சு கூடியதா? அவர்கள் ஆம் என்றால் சிலமலைக்கும் சில்லமரத்துப்பட்டிக்கும் கொண்டுபோங்கள். இல்லை என்றால் நிறுத்திவிட்டு, எங்கே தவறியது என்று எங்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். வருகிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர்